இறந்தோருக்கு வாழ்வோர் ஆற்றும் கடன்: முத்துக்குளித்துறையில் ஆன்மாவின் மறுமை பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைகள்

மரணத்துக்குப் பின் ஆன்மாவுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைகளை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் என மறுமையின் இடங்களை வரிசைப்படுத்தி, எந்த ஆன்மா எங்கே போகும் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்னும் ஏழு துறைகளைக் கொண்ட முத்துக்குளித்துறையின் சமய வரலாற்றை அந்த வழியில் படிப்பவருக்கு, அங்கே மக்கள் எதைக் குறித்துக் கவலைப்பட்டார்கள், எதற்காக வாதிட்டார்கள் என்பது பிடிபடாது. இறந்துபோனவருக்காக உயிரோடிருப்பவர் ஏதேனும் செய்ய முடியுமா, முடியுமானால் எதுவரை என்ற கேள்விதான் இக்கரையிலும் அதை ஒட்டிய தேரிக்காட்டு ஊர்களிலும் சபையைச் சபையிலிருந்து பிரித்து நிறுத்தியது. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், ஏழாம் நாள் அட்வெந்து சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் என நான்கு வேறு விடைகள் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே அருகருகே வாழ்கின்றன. அவற்றை அந்தக் கேள்வியின் வழியாகப் படிப்பதே பொருத்தமானது.

கத்தோலிக்கப் போதனை இரண்டு தீர்வைகளைக் கூறுகிறது. உயிர் பிரிந்த கணமே ஒவ்வோர் ஆன்மாவும் தனித்து அடையும் தீர்ப்பு தனித்தீர்வை என்றும், உலக முடிவில் உடல்கள் உயிர்த்தெழும்போது எல்லாருக்கும் வெளிப்படையாக வழங்கப்படும் தீர்ப்பு பொதுத்தீர்வை என்றும் பழைய ஞானோபதேச நூல்களில் பெயர் பெற்றுள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆன்மா என்ன நிலையில் இருக்கும் என்பது நெடுங்காலம் தெளிவாக வரையறுக்கப்படாமலே இருந்தது; நல்லோரின் ஆன்மாக்களும் பொதுத்தீர்வைக்கு முன் கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று திருத்தந்தை 22ஆம் யோவான் பிரசங்கித்ததால் எழுந்த குழப்பத்தை, அவருக்குப் பின்வந்த 12ஆம் பெனெடிக்ட் 1336இல் வெளியிட்ட ஆணையின் மூலம் முடித்துவைத்து, தூய ஆன்மா உடனே கடவுளின் காட்சியை அடைகிறது என்று உறுதிசெய்தார். பாவம் மன்னிக்கப்பட்டும் அதற்குரிய பரிகாரம் நிறைவேறாமல் இறந்தவர்கள் தூய்மை பெறும் நிலையே உத்தரிக்கிற ஸ்தலம். 1274இல் லியோன் சங்கமும் 1439இல் ஃபுளோரன்ஸ் சங்கமும் அதை அறிவித்தன. இந்த இடத்துக்குத் தனிப் பெயரும் தனி எல்லையும் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமைந்தன என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அந்த வாதத்தை முழுவதும் ஏற்றாலும், இறந்தவருக்காக மன்றாடும் வழக்கம் அந்தப் பெயரைவிட மிகப் பழையது என்பதை மறக்கலாகாது. அகுஸ்தீனார் தம் தாய் மோனிக்காவுக்காக மன்றாடியதைத் தம் தன்வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார், குளுனி மடத்தின் தலைவர் ஓதிலோ ஏறத்தாழ 998இல் நவம்பர் 2ஆம் நாளை இறந்தோர் அனைவருக்குமான நினைவு நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். கடன் முதலில் இருந்தது. அதை விளக்கும் கோட்பாடு பின்னர் வந்தது.

முத்துக்குளித்துறையின் கடலோடிச் சமூகமான பரதவர் திருமுழுக்குப் பெற்ற காலத்தைக் கவனித்தால் கடனே முந்தியது என்பது இன்னும் தெளிவாகும். 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு முன்பே, 1517இல், பாவப்பரிகாரச் சலுகைகளை எதிர்த்து மார்ட்டின் லூதர் எழுப்பிய கேள்விகளால் ஐரோப்பாவில் உத்தரிக்கிற ஸ்தலமே விவாதப் பொருளாகிவிட்டது, திரெந்து சங்கம் அதை மீண்டும் உறுதிசெய்ததோ 1563இல்தான். ஆகவே, ஐரோப்பாவில் பிளவுக்குக் காரணமாகிக் கொண்டிருந்த ஒரு போதனையையே பரதவர் புதிதாக ஏற்றார்கள். இருந்தும் அந்தப் பிளவின் சுவடு ஏதும் அவர்களை உடனே எட்டவில்லை.

1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தோரைக் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணத்தையும் அடிப்படைச் செபங்களையும் தமிழாக்கி, ஊர் ஊராகச் சென்று சிறுவர்களுக்குக் கற்பித்தார். நோயாளிகள் எல்லாரையும் தாமே சந்திக்க இயலாதபோது, செபம் கற்ற சிறுவர்களைச் சிலுவையுடன் நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார் என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே தெரிவிக்கிறார். அதே கடிதத்தில் ஆராய்ச்சியாளர்கள் போதிய கவனம் செலுத்தாத ஒரு செய்தி உண்டு. தம் கையால் திருமுழுக்குப் பெற்று, பாவம் அறியும் வயதுக்கு முன்பே இறந்துபோன குழந்தைகளின் ஆன்மாக்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டவை என்று அவர் நம்பியவை, விண்ணிலிருந்து தமக்காகப் பரிந்து பேச வேண்டும் என்று அவர் வேண்டுகிறார். குழந்தை இறப்பு மிகுந்திருந்த ஒரு கடற்கரையில் தாய்மார்கள் இழந்த பிள்ளைகள் அந்தக் கடிதத்தில் மிஷனரியின் துணைவர்களாக நிற்கிறார்கள். இறந்தவர் வாழ்வோருக்கு உதவுகிறார், வாழ்வோர் இறந்தவருக்கு உதவுகிறார் என்ற இருவழிப் பரிமாற்றம் இங்கே முதல் தலைமுறையிலேயே நிலைபெற்றுவிட்டது. இதன் மறுபக்கம் கொடியது. திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தையின் ஆன்மா துன்பமும் இன்றிக் கடவுளின் காட்சியும் இன்றி ‘லிம்போ’ என்னும் எல்லைநிலையில் இருக்கும் என்று இடைக்கால இறையியல் கருதியது, அத்தகைய குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் மறுத்தது. ஆயரின் அனுமதியோடு அச்சடங்கு நடக்கலாம் என்ற மாற்றம் 1983இன் சட்டத்தில் இடம்பெற்றது.

சவேரியாருக்குப் பின் இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்து 1600இல் மறைந்த என்றிக்கு என்றிக்கஸ், தமிழ் மரபில் அண்டிரிக் அடிகளார், நூல்களின் வழியாக அந்தப் போதனைக்கு நிலையான வடிவம் தந்தார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1580இன் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூல், 1586இன் புனிதர் வரலாற்று நூல் ஆகியவை தமிழ் அச்சின் தொடக்க நூல்கள் என்ற பெருமையாலேயே இன்று நினைக்கப்படுகின்றன. அவை எதற்காக அச்சிடப்பட்டன என்ற கேள்விக்கு அந்தப் பெருமை விடையாகாது. பாவத்தை எண்ணிப் பார்த்து, வரிசைப்படுத்தி, குருவிடம் அறிக்கையிடக் கற்றுக்கொடுக்கும் நூல், மரண வேளைக்கு ஓர் ஆன்மாவை ஆயத்தப்படுத்தும் நூலும் ஆகும். குருக்கள் மிகச் சிலராக இருந்து, ஆண்கள் நாள்தோறும் கடலுக்குப் போய்வந்த ஊர்களில் அந்த ஆயத்தம் எந்த நாளும் தேவைப்பட்டது.

உள்நாட்டில் விவாதம் வேறு திசையில் சென்றது. 1605இல் இந்தியா வந்த இராபர்ட் தெ நொபிலி இக்கரையில்தான் சில மாதங்கள் தங்கித் தமிழ் கற்று, 1606 இறுதியில் மதுரை சென்றார். தத்துவ போதகர் என்று பெயர்பெற்ற அவர், ‘ஆத்தும நிர்ணயம்’, ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ போன்ற நூல்களில் மறுபிறப்புக் கோட்பாட்டை எதிர்கொண்டார். தாமஸ் அக்குவினாஸின் வழியில், ஆன்மா உடலுக்கு உயிரும் வடிவும் தரும் மூலம், ஒவ்வொரு மனிதருக்கும் கடவுளால் புதிதாகப் படைக்கப்படுவது, ஆகவே ஓர் உடலை விட்டு இன்னோர் உடலைத் தேடிச் செல்லக்கூடியதன்று என்பது அவர் சார்ந்த மரபின் அடிப்படை. இந்நூல்கள் 1960களில் சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக வெளிவந்தன. தம் மொழிப் பயிற்சியைத் தொடங்கிய கரைக்கே மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் அவருடைய நூல்கள் அச்சேறித் திரும்பின என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு இன்னும் நன்றியோடு குறித்துக்கொள்ள வேண்டும். இனெஸ் ஜுபானோவ் உள்ளிட்ட ஆய்வாளர்களின் கவனம் நொபிலியின் மதுரை வாதங்கள் மீது குவிந்ததில் வியப்பில்லை, ஏனெனில் அவை எழுத்தில் கிடைக்கின்றன. கற்றோருடன் நடந்த மறுபிறப்பு வாதத்தைக் கடற்கரையின் பொதுக் கவலையாகக் கொள்வது மட்டும் பிழை.

கடற்கரையையும் தேரிக்காட்டையும் வாட்டிய கவலை அகால மரணம். வாழவேண்டிய வயதில் திடீரெனவோ வன்முறையாலோ இறந்தவரின் ஆவி அமைதியின்றித் திரியும், பேயாகித் தீங்கு செய்யும், படையல் கேட்கும் என்ற நம்பிக்கை தென்பாண்டி நாட்டில் ஆழமாக வேரூன்றியிருந்தது. இடையன்குடியில் பணிபுரிந்த இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்நூல் நாடார் சமூகத்தைச் சித்தரித்த விதம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது நியாயமே என்றாலும், பேய் வழிபாடு பற்றிய குறிப்புகளைக் கருதினால் அதைப் புறக்கணிக்க முடியாது. 1809இல் திருவிதாங்கூர்ப் படையோடு நடந்த போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ஆவிக்கு உள்ளூர் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததாக 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்வது, அந்த நம்பிக்கை மதத்தையும் இனத்தையும் பார்க்காமல் மரணத்தின் தன்மையை மட்டும் பார்த்தது என்பதைக் காட்டுகிறது. கத்தோலிக்கப் போதனை இந்த அச்சத்தை வேறொன்றாக மாற்றியது. அலையும் ஆவிக்குப் பதிலாகக் காத்திருக்கும் ஆன்மா வந்தது. படையலுக்குப் பதிலாகப் பூசையும் செபமும் பிச்சையும் வந்தன. இறந்தவரைக் கண்டு அஞ்சிய குடும்பம், இறந்தவருக்காக இரங்கும் குடும்பமாக மாற வழி பிறந்தது. அந்த மாற்றம் ஒருபோதும் முழுமையாக நிறைவேறவில்லை, இராமநாதபுரம் பகுதிக் கத்தோலிக்கக் கிராமமொன்றை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூலும் இத்தகைய பழைய, புதிய நம்பிக்கைகளின் உடனிருப்பை விரிவாகப் பேசுகிறது.

இறந்த மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள்களுக்கும் ஆண்டு நினைவுக்கும் தனிப் பூசைகளைப் பழைய உரோமைப் பூசைநூல் வைத்திருந்தது. நாள் எண்ணிக் காரியம் செய்து பழகிய தமிழ்க் குடும்பத்துக்கு அந்த எண்ணிக்கை அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது. இன்றும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள் என்றும் சகல ஆத்துமாக்கள் திருநாள் என்றும் அழைக்கப்படும் அந்த நாளுக்காகக் குடும்பங்கள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்துக் காத்திருக்க, குரு ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துச் செல்கிறார். நவம்பர் முழுவதும் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம்.

இதற்கு எதிரான குரல் இக்கரையில் முதலில் டச்சுக்காரர்களுடன் வந்தது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கால்வினிய மரபைச் சார்ந்தது. விசுவாசியின் ஆன்மா இறந்த உடனே கிறிஸ்துவிடம் எடுத்துக்கொள்ளப்படும் என்று அவர்களுடைய ஹைடல்பர்க் ஞானோபதேசம் போதித்ததால், இறந்தவருக்காகப் பூசை செய்வதற்கு அங்கே இடமில்லை. பிலிப்பஸ் பால்தேயுஸ் என்னும் போதகர் பரதவரைத் தம் பக்கம் ஈர்க்க முயன்று தோற்றார். சாதித்தலைவர், பனிமய மாதா, குருக்கள் என்ற பிணைப்புகளைக் கொண்டு இந்தத் தோல்வியை விளக்கும் சூசன் பெய்லி போன்றோரின் வாதம் வலுவானதே. ஆயினும், இறந்த தாய் தந்தையருக்கு இனி எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லும் சமயத்தை அந்தச் சமூகம் எப்படிக் கேட்டிருக்கும் என்பதையும் அதோடு சேர்த்தே எண்ண வேண்டும். 1713இல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா கோவிலும் 1750இல் டச்சுக்காரர் கட்டிய கோவிலும் ஒரே நகரில் நின்றபோதும், பரதவரின் இறந்தோர் முன்னதன் செபங்களிலேயே தொடர்ந்து நினைக்கப்பட்டார்கள்.

சீர்திருத்தச் சபைகள் உண்மையில் வேர்பிடித்தது கரையில் அன்று, முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி போன்ற உள்நாட்டு ஊர்களில். இன்று தென்னிந்தியத் திருச்சபையில் அடங்கும் இச்சபைகள் சார்ந்திருந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் 22ஆவது உத்தரிக்கிற ஸ்தலத்தை வேதத்தில் ஆதாரமில்லாத கற்பனை என்று தள்ளுகிறது. யூதாஸ் மக்கபே இறந்த வீரர்களுக்காகப் பலி செலுத்தப் பணம் அனுப்பியதைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலைக் கத்தோலிக்கர் திருமறையின் பகுதியாக ஏற்க, சீர்திருத்தச் சபையினர் ஏற்பதில்லை என்பதால் வாதம் எந்த நூல் வேதம் என்ற கேள்வி வரை போகிறது. இச்சபைகளின் பொதுவான நம்பிக்கைப்படி விசுவாசியின் ஆன்மா பரதீசில் கிறிஸ்துவோடு இளைப்பாறி உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கிறது, அதற்கு மனிதரின் உதவி தேவையில்லை. இருந்தும் நினைவு ஆராதனைகள் நடக்கின்றன, கல்லறைகள் பராமரிக்கப்படுகின்றன. இறந்தவருக்காக வேண்டுதல் என்பது இறந்தவருக்காக நன்றி செலுத்துதலாக மாறியது. கடன் அழியவில்லை, பொருள் மாறியது.

நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் விடை இன்னும் தீவிரமானது. மிஷனரிகளுடன் முரண்பட்டு அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொண்டது. அதே நாளைக் கைக்கொள்ளும் பொதுமையால் ஈர்க்கப்பட்டு 1908இல் அட்வெந்து சபையின் மிஷனரிகள் அவ்வூருக்கு வந்து தங்கினார்கள். அட்வெந்து போதனையில் உடலைவிட்டுப் பிரிந்து வாழும் ஆன்மா என்ற ஒன்றே இல்லை. மனிதர் இறக்கும்போது உணர்வற்ற நித்திரையில் ஆழ்ந்து, கிறிஸ்துவின் வருகையில் மட்டுமே எழுப்பப்படுகிறார், தீயோர் முடிவில் நித்தியமாக வதைக்கப்படாமல் அழிந்துபோகிறார்கள். பேயும் உத்தரிக்கிற ஆன்மாவும் பரிந்து பேசும் புனிதரும் ஒரே வீச்சில் நீங்கிவிடும் இந்தப் போதனை, அச்சத்தை ஒழிப்பதில் மற்ற எல்லாவற்றையும் விஞ்சுகிறது. இறந்தவரோடு உரையாடும் வாசலையும் அதுவே அடைத்துவிடுகிறது. 1924இல் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் முதலிய சபைகளோ கவனத்தை இறந்தவரிடமிருந்து உயிரோடிருப்பவரிடம் முற்றிலும் திருப்பி, வருகைக்கு ஆயத்தமாதல் என்பதையே மையமாக்கின.

இந்த எல்லாப் போதனைகளையும் கடல் சோதித்துப் பார்க்கிறது. கடலில் இறப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல், அதாவது மரணத் தறுவாயில் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு, கிடைப்பதில்லை. திடீர் மரணத்திலிருந்து காக்கும்படி புனிதர் மன்றாட்டுமாலையில் தனி வேண்டுதலே இருப்பதும், கிறிஸ்துவின் அருகில் இறந்தவர் என்று நம்பப்படும் சூசையப்பரை நல்மரணக் காவலராக வணங்குவதும் இந்த அச்சத்தின் வெளிப்பாடுகள். இதற்குக் கத்தோலிக்கப் போதனை வைத்திருக்கும் விடை உத்தம மனஸ்தாபம்: தண்டனைக்கு அஞ்சாமல் கடவுள் மீதுள்ள அன்பினால் மட்டும் எழும் துக்கம், பாவசங்கீர்த்தனம் செய்யும் கருத்தோடு இருக்குமானால், குரு இல்லாத இடத்திலும் ஆன்மாவைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்பது திரெந்து சங்கம் 1551இல் விளக்கிய கோட்பாடு. இறையியல் மாணவருக்கு ஒரு நுணுக்கமாக மட்டும் தோன்றக்கூடிய இது, கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவரின் மனைவிக்கு முழு நம்பிக்கையையும் தாங்கும் போதனையாக இருந்தது.

உடல் கிடைக்காதபோது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உடலோடு உயிர்த்தெழுதலே கிறிஸ்தவ நம்பிக்கையின் முடிவு. விலங்கும் மீனும் தின்ற உடல் எப்படி எழும் என்று கேட்டவர்களுக்கு அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில், படைத்தவருக்குத் திரும்பச் சேர்ப்பது அரிதன்று என்று வாதிட்டார். கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று திருவெளிப்பாட்டு நூலின் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. உடல் இல்லாமலும் இறந்தவருக்காகப் பூசை நிறைவேற்றலாம் என்ற வழக்கம் இவ்விடத்தில் பெரும் ஆறுதல். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தென்கோடிக் கடற்கரை மீனவர் பலர் திரும்பாதபோது, எந்த நாளை இறந்த நாளாகக் கொள்வது, எப்போது காத்திருப்பை விட்டு மன்றாட்டைத் தொடங்குவது என்பது குடும்பங்களின் முன் நின்ற கேள்வி. இறப்பை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவருக்காக மன்றாட முடியாது. கடலில் தத்தளிக்கும் மனிதரின் நிலையிலிருந்து ஒரு கடற்கரை ஊரின் வாழ்வைச் சொன்ன ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவல், இத்துறையின் இறையியல் நூல்கள் பேசாமல் விட்டதைப் பேசியது என்பது மிகைக் கூற்றாகாது. 1963இல் தகனத்தை அனுமதித்த வத்திக்கான், 2016இல் அளித்த விளக்கத்தில் சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவக் கூடாது என்று அறிவித்ததன் பின்னும், இறந்தவரை நினைக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் உண்டு. அந்த இடம் கடலாகவே அமைந்துவிட்ட குடும்பங்களுக்கு ஆலயமே கல்லறையாகிறது.

அண்மைக் காலத்தில் போதனையின் மொழி மென்மையாகியிருக்கிறது. உத்தரிக்கிற ஸ்தலம் ஓர் இடத்தைக் காட்டிலும் ஒரு நிலையையே குறிக்கிறது என்று இரண்டாம் யோவான் பவுல் 1999 ஆகஸ்டில் விளக்கினார்; லிம்போவைப் பற்றி மறுபரிசீலனை செய்த பன்னாட்டு இறையியல் குழு, திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளின் மீட்பை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று 2007இல் கூறியது; அதே ஆண்டு 16ஆம் பெனெடிக்ட் தம் சுற்றுமடலில், தூய்மையாக்கும் நெருப்பு கிறிஸ்துவைச் சந்திப்பதே என்ற இறையியல் கருத்தை எடுத்துரைத்து, இறந்தவரின் காலம் மண்ணுலகக் காலம் அன்று என்பதால் அவருக்காக மன்றாடுவது ஒருநாளும் தாமதமாவதில்லை என்று எழுதினார். இடமும் நாள்கணக்கும் கரைந்தபோதும் வாழ்வோரின் பங்கு கரையவில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

எஞ்சியிருப்பது முன்னோரின் நிலை. சவேரியார் சப்பானில் பணியாற்றித் திரும்பி 1552 சனவரியில் எழுதிய கடிதத்தில், நரகத்திலுள்ள தம் முன்னோரைச் செபத்தாலும் தானத்தாலும் மீட்க வழியில்லையா என்று கேட்டு அங்குள்ள புதிய கிறிஸ்தவர்கள் அழுததையும், வழியில்லை என்று தாம் சொன்னதையும், அந்த அழுகை தம்மையும் வருத்தியதையும் பதிவுசெய்தார். முத்துக்குளித்துறையில் திருமுழுக்குப் பெற்ற முதல் தலைமுறைக்கும் அத்தகைய முன்னோர் இருந்தார்கள், கடலில் போன தந்தையர் இருந்தார்கள். தம் தவறின்றி நற்செய்தியை அறியாமல் மனச்சான்றின்படி வாழ்ந்தோரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்த பின், 1968இல் சேர்க்கப்பட்ட நான்காம் நற்கருணை மன்றாட்டு, கடவுள் ஒருவரே அறிந்த நம்பிக்கையோடு இறந்த அனைவரையும் நினைவுகூர்கிறது. தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் அந்த மன்றாட்டு சொல்லப்படும் பூசைகளில் 1535க்கு முந்திய பரதவரும் சேர்ந்தே நினைக்கப்படுகிறார்கள்.